ஆறப் பொறுத்தல்

ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்க வேண்டும் என்பது எமது அடுக்களைகளிற் பிறந்த பழமொழி. உலை கொதித்துச் சோறு வேகுமட்டும் அடுப்பின் முன்னே அமைதியாகக் காத்திருந்தவன், இறக்கிய சோறு ஆறுவதற்கு வேண்டிய சில நிமிடங்களைப் பொறுக்கமாட்டாது வாயைச் சுட்டுக்கொள்கின்றான். இப்பழமொழியைச் சிறுவயது முதல் நாம் பலமுறை கேட்டிருக்கின்றோம். மாணவர்க்குக் கட்டுரைத் தலைப்பாகவுங் கொடுத்திருக்கின்றோம். ஆயினும், இதன் முழுப் பொருளை நாம் உணர்ந்தது அடுக்களையிலன்று, ஏட்டிலுமன்று. பழைய புல்டோசர் ஒன்றின் உடைந்துபோன கியர்ப் பெட்டி மூடியே அதனை எமக்குக் கற்பித்தது. இரும்புச் சாமானுக்கும் குடும்பத்தார் படிக்கும் இப்பகுதிக்கும் என்ன உறவு என்று வாசகர் முகஞ் சுளிக்க வேண்டா. கதையிற் சோறும் உண்டு, சாம்பலும் உண்டு, தந்தையும் மகனும் உண்டு.

எம் மைத்துனர் கிளிநொச்சி மாவட்டத்திலே கமஞ் செய்பவர். அவருடைய வளவிலே, புளியமரத்தின் கீழ், மஞ்சள் நிறம் மங்கிய புல்டோசர் ஒன்று நிற்கின்றது. அது கற்றப்பில்லர் நிறுவனத்தாரின் டி4 என்னும் வகையைச் சேர்ந்தது. 1947க்கும் 1959க்கும் இடையிலே செய்யப்பட்ட வரிசையில் ஒன்று. மைத்துனரின் தந்தையார் அதனை ஏலத்தில் எடுத்து, காடு வெட்டித் திருத்திய காணிகளை மட்டஞ் செய்யவும், சிறுகுளங்களின் கட்டுகளுக்கு மண் தள்ளவும் ஓட்டினார். போர்க்காலத்திலே குடும்பத்தினர் இடம்பெயர்ந்து, மீண்டு வந்து பார்த்தபோது வீட்டில் நின்றவை சுவர்கள் மாத்திரமே. புல்டோசரிலும் கழற்றக் கூடியவை யாவும் கழற்றப்பட்டிருந்தன. ஆனால், அதன் பாரம் அதனைக் காத்தது. தூக்கிச் செல்ல எவராலும் இயலவில்லைப் போலும். மைத்துனர் ஆண்டுகள் சிலவாக ஒவ்வோர் உறுப்பாகத் தேடிப் பொருத்தி, அதனை மீண்டும் ஓடச் செய்தார். தந்தையார் கைபட்ட பொருள்களுள் அவருக்கு எஞ்சியது அது ஒன்றே.

பட்டைமீது ஊர்ந்து செல்லும் இவ்வகை இயந்திரத்தின் வரலாறு சுவையானது. அமெரிக்காவிலே, கலிபோர்னியா மாநிலத்து ஸ்ரொக்ரன் நகரை அடுத்த மென்னிலங்களில், நீராவி உழவு இயந்திரங்களின் சக்கரங்கள் புதைந்து நின்றுவிடுதல் வழக்கம். சக்கரத்தை எத்துணைப் பெரிதாக்கினும் பயன் கிட்டவில்லை. பெஞ்சமின் ஹோல்ற் என்பார் சக்கரத்தை நீக்கி, அதனிடத்தில் நீண்ட பட்டையை அமைத்து, 1904ஆம் ஆண்டு நவம்பர் 24ஆம் நாள் ஓட்டிப் பார்த்தார். பாரம் பரந்த நிலத்தின்மேற் பகிரப்பட்டமையால் இயந்திரம் புதையாது சென்றது. கம்பளிப்புழு ஊர்வது போன்ற அதன் நடையே பெயருக்குங் காரணமாயிற்று. ஆங்கிலத்திற் கற்றப்பில்லர் என்பது அப்புழுவின் பெயர். 1925இல் ஹோல்றின் நிறுவனமும் பெஸ்ற் என்பாரின் நிறுவனமும் இணைந்து இன்றைய நிறுவனம் உருவாயிற்று. அதுவரை சாம்பல் நிறம் பூசப்பட்ட இயந்திரங்களுக்கு மஞ்சள் நிறம் வந்தது 1931இன் முடிவிலேதான். எமது நாட்டிலும் 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின்போது, அமெரிக்க ஒப்பந்தகாரர் பாரிய மண்வேலை இயந்திரங்களைக் கொண்டு இங்கினியாகலையில் அணை எழுப்பினர். மண்வெட்டியும் கூடையுமே அறிந்திருந்த கண்கள், மண்மலையை ஒரே தள்ளிற் பெயர்க்கும் இரும்பைக் கண்டு வியந்த காலம் அது.

மைத்துனரின் புல்டோசரை ஓடச் செய்வதே ஒரு காட்சி. அதன் டீசல் இயந்திரத்தின் பக்கத்திலே, பெற்றோலில் ஓடும் சிறிய இயந்திரம் ஒன்று அமைந்திருக்கின்றது. முதலில் அச்சிறியதனைக் கையாற் சுழற்றி ஓடவிட வேண்டும். அது சிறிது நேரம் ஓடிப் பெரியதனைச் சுழற்றிச் சூடாக்கிய பின்னரே பெரியது தானாக ஓடத் தொடங்கும். பேரன் பாட்டனைக் கைபிடித்து எழுப்பி நிறுத்துவது போன்றது அது. இவ்வேலையிலே வல்லவன் மைத்துனரின் மகன், எம் மருமகன். வயது இருபது. உயர்தரப் பரீட்சையிற் கணிதப் பிரிவிலே இருமுறை தோற்றியும் அவனுக்கு வாய்க்கவில்லை. "உவனுக்குப் படிப்பு ஏறாது" என்று தந்தை பலர் முன்னிலையிற் சொல்வார். மகன் அதைக் கேட்டுக்கொண்டு புளியமரத்தடிக்குப் போய்விடுவான். அந்தப் பிள்ளைக்குப் பௌதிகம் சொல்லிக்கொடுத்தவருள் நாமும் ஒருவர் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். எமது மதிப்பீடும் அவன் தந்தையின் மதிப்பீட்டினின்றும் பெரிதும் வேறுபட்டதன்று.

கடந்த ஆவணி மாதத்திலே நிகழ்ந்தது இது. ஊர்ச் சிறுகுளத்தின் கட்டிலே பட்டுப்போன மரமொன்று நின்றது. அணைக்கட்டில் மரவேர் உக்கினால் அவ்வழியே நீர் கசிந்து கட்டை அரித்துவிடும். ஆதலால் மரத்தைப் பெயர்த்து, வேரைக் களைந்து, மண்ணிட்டு இறுக்குதல் மாரிக்கு முன் ஆகவேண்டிய வேலை. கமக்காரர் மைத்துனரிடம் கேட்க, அவரும் இசைந்தார். ஒருநாள் அவர் பட்டினஞ் சென்றிருந்த வேளையிலே மகன் தானே புல்டோசரைக் கொண்டுபோய் மரத்தைத் தள்ளத் தொடங்கினான். அடிமரம் அசைந்ததும், உச்சியிலிருந்த உலர்ந்த கொப்பு முறிந்து, முன்னே விழாது இயந்திரத்தின் மேலேயே விழுந்தது. அக்காலத்து இயந்திரங்களிற் பெரும்பாலானவற்றில் ஓட்டுநர் தலைக்கு மேலே காப்பு இல்லை. பையன் பாய்ந்து விலகினான். கொப்பு கியர்த் தடியின்மேல் விழ, தடி சாய்ந்து, அது பொருந்தியிருந்த வார்ப்பிரும்பு மூடியைப் பிளந்துவிட்டது.

அம்மூடி அழகு கருதி வைத்ததொன்றன்று. கியர்த் தடியைத் தாங்குவது அதுவே. தடியின் அடிநுனி மூடியினூடே இறங்கிப் பெட்டியினுள்ளேயுள்ள கவைகளை நகர்த்த, கவைகள் பற்சக்கரங்களை நகர்த்துகின்றன. மூடி சற்றுக் கோணினாலும் தடியின் நுனி தன்னிடம் தவறும். பற்சக்கரங்கள் அரைகுறையாகக் கவ்வித் தேயும். சரிவில் நிற்கும்போது கியர் தானே கழன்றுவிடவுங் கூடும். வெடிப்பு வழியே மழைநீரும் மணலும் புகுந்தால் எண்ணெய் கெட்டு, உள்ளே உள்ள விலையுயர்ந்த பற்சக்கரங்கள் யாவும் பழுதாகும். ஒரு மூடி போனாற் பெட்டியே போயிற்று என்க.

பையன் அஞ்சினான். தந்தை திரும்புமுன் எல்லாவற்றையுஞ் சரிசெய்துவிடலாம் என்று எண்ணி, மூடியைக் கழற்றித் தெருவோரத்துப் பட்டறை ஒன்றுக்குக் கொண்டு ஓடினான். அங்கே சாதாரண உருக்குக் கம்பியால் மின்னொட்டு இட்டு, அரைமணி நேரத்தில் மூடியைக் கையிற் கொடுத்தார்கள். சூட்டைத் தணிக்க ஒரு வாளி நீரையும் அதன்மேல் ஊற்றினார்களாம். பார்வைக்கு ஒட்டு நன்றாகவே இருந்தது. மறுநாட் காலையிலே பார்த்தபோது, ஒட்டுக்குப் பக்கத்திலே புதிய வெடிப்பொன்று, பழையதிலும் நீளமாக, ஓடியிருந்தது. திருகாணி செல்லும் மூலையொன்றும் துண்டாகக் கையோடு வந்துவிட்டது.

ஏன் இவ்வாறாயிற்று? உருக்கும் வார்ப்பிரும்பும் ஒரே குலத்தனவாயினும் குணத்தால் வேறானவை. மென்மையான உருக்கிலே காபன் நூற்றில் கால்வாசிப் பங்கும் இராது. வார்ப்பிரும்பிலோ அது நூற்றுக்கு இரண்டரை முதல் நான்கு வரை இருக்கும். சாம்பல்நிற வார்ப்பிரும்பில் அக்காபனிற் பெரும்பகுதி, நுண்ணிய காரீயச் சிம்புகளாக இரும்பினிடையே படிந்திருக்கின்றது. எமது நாட்டிலே போகலைச் சுரங்கத்திலும் ககட்டகாவிலும் அகழப்படும் அதே காரீயந்தான். எம் மாணவரின் பென்சில்களில் உள்ளதும் அதுதான். இச்சிம்புகளால் வார்ப்பிரும்பை அறுப்பதும் துளைப்பதும் எளிது; அதிர்வையும் அது நன்கு தாங்கும். ஆனால், வளையாது, இழுத்தால் நூற்றில் ஒரு பங்கு நீளுமுன்னரே முறிந்துவிடும்.

இனி வெப்பத்தின் கணக்கைப் பார்ப்போம். நாற்பது சதமமீற்றர் நீளமான வார்ப்பிரும்புத் துண்டு அறுநூறு பாகை சூடேறுமாயின், ஏறக்குறைய இரண்டரை மில்லிமீற்றர் நீளும். துண்டு முழுவதும் ஒருங்கே சூடேறினால் முழுவதும் ஒருங்கே நீளும், தீங்கில்லை. ஓரிடத்தை மாத்திரம் உருகச் சுட்டால், அவ்விடம் நீள விரும்பும். சுற்றியுள்ள குளிர்ந்த இரும்பு விடாது. ஆறும்போது அவ்விடம் சுருங்க விரும்பும். அப்போதும் சுற்றம் விடாது. வளைந்து கொடுக்கத் தெரியாத இரும்பு அந்த இழுபறியில் வெடிக்கின்றது. இதற்கு மேலும் ஒன்றுண்டு. உருகிய வார்ப்பிரும்பு விரைந்து குளிர்ந்தாற் காரீயம் பிரிந்து படிய நேரமின்றி, இரும்போடு கூடிக் கண்ணாடிபோற் கடினமான வெள்ளிரும்பாகிவிடும். அதன்மேல் அரம் ஏறாது; தட்டினால் உடையும்.

வளையத்தினூடே செல்லும் இரும்புக் குண்டு, சூடாக்கிய பின் செல்லமாட்டாது நிற்பதை ஆண்டுதோறும் வகுப்பில் நாம் காட்டி வருகின்றோம். உலோகங்கள் வெப்பத்தால் விரியும் என்று கரும்பலகையில் எழுதி வருகின்றோம். ஆயினும், அவ்விதி ஒரு குடும்பத்தின் முற்றத்திலே வந்து நிற்கும் என்று ஒருபோதும் எண்ணியதில்லை.

நாம் அங்குச் சென்ற வேளையில் தந்தையும் மகனும் ஒருவரோடொருவர் பேசுவதை நிறுத்தி ஒரு வாரமாகியிருந்தது. மைத்துனர் திண்ணையில் இருந்தார். "மச்சான், பழைய இரும்பு எடுக்கிறவன் நாளைக்கு வாறான். கிலோக் கணக்கிலை தூக்கிக் குடுக்கப் போறன்" என்றார். குளக்கட்டு என்னாகும் என்று கேட்டோம். மாரிக்கு முன் வேறு இயந்திரம் பிடிக்க வேண்டும். மணித்தியாலக் கூலியை ஊரவர் எங்ஙனம் கொடுப்பர் என்பதற்கு அவரிடம் விடையில்லை. பேச்சின் நடுவே, அவர் எம்மைப் பாராமலே, "கொப்பு ஒரு சாண் இங்காலை விழுந்திருந்தால்..." என்று தொடங்கி நிறுத்திவிட்டார். அப்போதுதான் அவருடைய கோபத்தின் உள்ளே இருப்பது என்ன என்பது எமக்குப் புலனாயிற்று. மகனுக்கோ அது புலனாகவில்லை. தந்தை வருந்துவது இரும்புக்காகவே என்று அவன் எண்ணியிருந்தான்.

இரண்டு கிழமை தவணை கேட்டோம். அன்று மாலையே நாமும் மருமகனும் மூடியைச் சாக்கொன்றிற் கட்டி, யாழ்ப்பாணப் பேருந்தில் ஏற்றினோம். நடத்துநர் சாக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அதற்கும் ஒரு சீட்டுக் கிழித்தார்.

கோண்டாவிற் பக்கத்திலே முதிய தொழிலாளர் ஒருவர் இருக்கின்றார். எழுபது வயதைக் கடந்தவர். இளமையிலே பெரிய மண்வேலை இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றிற் பயின்றவர். இப்போது வீட்டின் பின்புறத்துக் கொட்டில் ஒன்றே அவருடைய தொழிற்சாலை. அவர் மூடியைப் பார்த்ததும் ஒன்றும் பேசவில்லை. கயிற்றிலே தொங்கவிட்டு, சிறு சுத்தியலால் மெல்லத் தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்டார். சந்தையிலே பெண்கள் பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்பது போலவே இருந்தது அது. நல்ல வார்ப்பு மணிபோல் ஒலிக்கும். வெடித்தது ஓட்டைச் சத்தம் இடும். பின்னர் மூடியைத் துடைத்து, மண்ணெண்ணெய் பூசிச் சிறிது நேரம் ஊறவிட்டு, மீண்டும் நன்றாகத் துடைத்து, வெண்கட்டித் தூளைத் தடவினார். வெடிப்புக்குள்ளே புகுந்திருந்த மண்ணெண்ணெய் மெல்ல வெளிவந்து வெண்மையின்மேற் கருங்கோடு வரைந்தது. நாம் இரண்டு என்று எண்ணிய வெடிப்புகள் நான்கு என்பது அப்போது தெரிந்தது.

"ஆர் தம்பி இதுக்குத் தண்ணி ஊத்தினது?" என்று கேட்டார். மருமகன் நிலத்தைப் பார்த்தான். அவர் மேலும் ஒன்றுங் கேட்கவில்லை. "மூன்று நாள் வேலை. இரண்டு நாள் வேலை செய்யிறது, ஒரு நாள் வேலை செய்யாமல் இருக்கிறது" என்றார்.

முதல் நாள் முழுவதும் ஒட்டுவதற்கான ஆயத்தமே நடந்தது. பழைய உருக்கொட்டை ஒரு பொட்டும் விடாது வெட்டி எடுத்தார். அதன் ஓரத்தில் வெள்ளிரும்பாகியிருந்த பகுதியில் அரம் வழுக்குவதை எம் விரலாலே தொட்டு உணரச் செய்தார். ஒவ்வொரு வெடிப்பின் நுனியையுந் தேடி, அங்கே துறப்பணத்தாற் சிறு துளையிட்டார். வெடிப்பு கூரிய நுனியிலிருந்தே மேலும் ஓடும். நுனியை வட்டமாக்கிவிட்டால் இழுவிசை அங்கே குவியாது, வெடிப்பு நின்றுவிடும். பின்பு வெடிப்பு நெடுகிலும் வாய்க்கால்போலச் சாய்வாக வெட்டினார். கடைசி வெட்டை அரத்தால் முடித்தார். அரைக்குங் கல்லினால் முடித்தாற் காரீயம் இழுபட்டு மேற்பரப்பில் மெழுகினாற்போற் படிந்து, ஒட்டைப் பற்றவிடாதாம். எழுபது ஆண்டுகளாக எண்ணெய் குடித்த இரும்பாதலால், இளஞ்சூடு காட்டி எண்ணெயைப் புகையவிட்டுத் துடைத்தார், மீண்டும் புகையவிட்டார், மீண்டுந் துடைத்தார். இவ்வளவிலும் அரத்தைப் பிடித்தவன் மருமகன். முதல் மணித்தியாலத்தில் அவன் கை விரைந்தது. முதியவர் ஒன்றுஞ் சொல்லாது அவன் மணிக்கட்டைப் பிடித்து, வேகத்தைக் குறைத்துக் காட்டினார். மாலையில் அவன் கை தானே அந்த நடையிற் சென்றது.

இரண்டாம் நாள் தீயின் நாள். மூடியின் அடிமுகம் கோணாதபடி அதனைத் தடித்த உருக்குப் பலகையொன்றிலே திருகாணிகளாற் பூட்டினார். உடைந்த மூலைத் துண்டையும் அதன் இடத்தில் வைத்துப் பூட்டினார். செங்கல் அடுக்கி, சிரட்டைக் கரி பரப்பி, மூடி முழுவதையும் மெல்ல மெல்லச் சூடேற்றினார். கொட்டிலைச் சாக்கினால் இருளாக்கியிருந்தார். இரும்பின் சிவப்பு இருளில்தான் கண்ணுக்கு முதலிலே தெரியும். மங்கலான சிவப்பு எங்கும் ஒருசீராகப் படர்ந்த பின்னரே ஒட்சிசன், அசற்றலீன் விளக்கை எடுத்தார். வெண்காரத்தைத் தூவி, பித்தளைக் கம்பியை வாய்க்காலில் உருக்கி ஓடவிட்டார். பித்தளை ஏறக்குறைய தொளாயிரம் பாகையில் உருகும். வார்ப்பிரும்பு உருகுவதற்கு ஆயிரத்து இருநூறு பாகை அளவு வேண்டும். ஆகவே இரும்பு உருகுவதில்லை. பித்தளை மாத்திரம் உருகி, இரும்பின் முகத்தை நனைத்துப் பற்றிக்கொள்கின்றது. இரும்பு உருகாதமையால் வெள்ளிரும்பும் உண்டாவதில்லை. பித்தளையிலிருந்து எழும் வெண்புகை துத்தநாகத்தின் புகை. அதைச் சுவாசித்தாற் காய்ச்சல் வரும் என்று எம்மைக் காற்றுவளம் பார்த்து நிறுத்தினார்.

இயந்திரத்தின் சூடு மிகுந்த பகுதிகளுக்குப் பித்தளை ஒட்டு உகந்ததன்று. அவற்றுக்கு நிக்கற் கம்பியால் மின்னொட்டு இடுவதுண்டு. ஒரு விரலகலம் ஒட்டி, சுத்தியலால் மெல்லத் தட்டி, கை பொறுக்குஞ் சூடாகும்வரை காத்திருந்து, பின்பே அடுத்த விரலகலம் ஒட்டுவார்களாம். நெருப்பே இல்லாது, வெடிப்பின் நெடுகே துளையிட்டு உலோக ஆணிகளை ஒன்றன்மேலொன்று பொருந்தத் திருகித் தையல்போல் இணைக்கும் முறையும் உண்டு. முறை எதுவாயினும், அவசரம் அதில் இல்லை.

ஒட்டு முடிந்தது பிற்பகல் மூன்று மணிக்கு. மூடி சிவந்து, பொன்னிறக் கோடுகளோடு அழகாகக் கிடந்தது. முதியவர் அதனை அடுத்த குழியிலே வைத்து, காய்ந்த உமிச்சாம்பலை ஒரு முழ உயரத்துக்குக் கொட்டி மூடிவிட்டார். "இனி என்ன, ஐயா?" என்றோம். "இனி ஒன்றுமில்லை, மாஸ்ரர். விடியட்டும்" என்றார்.

எமக்கு அந்த இரவே மிகக் கடினமாயிருந்தது. உழைப்பது எளிது; உழைத்த பின் கையைக் கட்டிக்கொண்டிருப்பது அரிது. இரவு எட்டு மணிக்கு மருமகன் எழுந்துபோய்ச் சாம்பற் குவியலின்மேற் கையை வைத்துப் பார்த்தான். "கொஞ்சம் விலக்கிப் பார்த்தால் என்ன, அப்பு?" என்றான். "பார்க்கலாம். குளிர்காத்து ஒரு பக்கம் பட்டால் அந்தப் பக்கம் முதலிலை சுருங்கும். பேந்து நாளைக்கு ஐந்தாவது வெடிப்பையும் பார்க்கலாம்" என்றார் அவர். அவருடைய மனைவியார் இலையிலே சுடச்சுடச் சோறு படைத்தார். பசியால் மருமகன் கையை வைத்துவிட்டு உதறினான். அம்மையார் சிரித்துக்கொண்டு, இக்கட்டுரையின் தொடக்கத்தில் நாம் கூறிய பழமொழியைச் சொன்னார். முதியவரும் சிரித்தார். பிறகு எம் பக்கந் திரும்பி, "ஓரிடத்திலை மட்டும் சுட்டால் இரும்பு வெடிக்கும், மாஸ்ரர். முழுக்கச் சுட்டு முழுக்க ஆறவிட்டால் தாங்கும்" என்றார். அவர் இரும்பைப் பற்றியே பேசினார். ஆனால், எமக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை.

பிள்ளையின் குறை ஒன்றைக் கண்டால், அந்த ஓரிடத்தையே நாமும் சுட்டு வந்திருக்கின்றோம். கணிதத்திலே வலிமை குறைந்தவனைக் கணிதத்தின் பேராலேயே ஒவ்வொரு நாளும் எழுப்பி நிறுத்தினோம். அவன் கைத்திறனை நாம் அறியோம், அதைக் கேட்டதுமில்லை. வெந்த இடத்திலே உடனே நீரை ஊற்றுவதுபோல, திட்டிய கையோடு அறிவுரையுங் கூறினோம். ஆற விட்டதில்லை. பெற்றோர் கோபத்தின் அடியிற் கிடப்பது பெரும்பாலும் அச்சமே. ஆனால், பிள்ளை காண்பது கோபத்தை மாத்திரமே. மைத்துனரின் வாயில் பாதியில் நின்றுபோன அந்த வாக்கியத்தை மருமகனிடஞ் சொல்வதா என்று சிந்தித்தோம். சொன்னோம். சாம்பற் குவியலின் பக்கத்திலிருந்து, அவன் அதை நெடுநேரம் பேசாமற் கேட்டான்.

விடிந்த பின்னரும் முதியவர் அவசரப்படவில்லை. கை வைத்தாற் சூடே தெரியாத வேளையிலேதான் சாம்பலை விலக்கினார். மீண்டும் தொங்கவிட்டுத் தட்டினார். பித்தளை கலந்தமையால் ஒலி சற்றே தடித்திருந்தது, ஆனால் ஓட்டைச் சத்தம் இல்லை. மண்ணெண்ணெயும் வெண்கட்டியும் மீண்டும் வந்தன. கருங்கோடு எதுவும் தோன்றவில்லை. அடிமுகத்தின்மேல் நேர்ச்சட்டத்தை வைத்து ஒளி புகுகின்றதா என்று பார்த்து, மேடான இடங்களை மருமகனைக்கொண்டே அராவச் செய்தார். கூலியாக அவர் கேட்ட தொகை கரிக்கும் வாயுவுக்கும் பித்தளைக்கும் சற்று மேற்பட்டது, அவ்வளவே.

புரட்டாதி முதற் கிழமையிலே மூடி தன்னிடத்துக்கு மீண்டது. மருமகன் பழைய எண்ணெயை வடித்து, பெட்டியினுள்ளே விழுந்திருந்த இரும்புத் துகள்களைத் துடைத்தெடுத்து, புதிய கடதாசிப் பக்கிங் வெட்டி வைத்தான். திருகாணிகளை ஒரு பக்கமாக இறுக்கிச் செல்லாது, நடுவிலிருந்து தொடங்கி எதிரெதிராக, மூன்று சுற்றிலே சிறிது சிறிதாக இறுக்கினான். இவ்வியந்திரத்திலே, கிளச்சை விடுவித்தாலன்றிக் கியர் நகராதபடி தடுக்கும் பூட்டொன்று உண்டு. அது ஒழுங்காகப் பூட்டித் திறக்கின்றதா என்று இயந்திரத்தை ஓடவிடாமலே பலமுறை சோதித்தான். மைத்துனர் சற்றுத் தொலைவிலே நின்று இவை யாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிறிய இயந்திரம் படபடத்தது. பெரியது இருமி எழுந்தது. மைத்துனர் ஏறி அமர்வார் என்று நாம் எண்ணினோம். அவர் கிட்டே வந்து, பொன்னிறக் கோடுகளை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். பின்பு மகனைப் பார்த்து, "நீயே ஓட்டு. மரத்துக்குக் கயிறு கட்டித் தூர நிண்டு இழு, கிட்டப் போகாதை" என்றார். இருபது நாள்களுக்குப் பின் அவர் அவனோடு பேசிய முதல் வார்த்தைகள் அவை. "ஓம் அப்பா" என்றான் அவன்.

ஐப்பசி நடுவில் மழை தொடங்கியபோது குளக்கட்டு இறுகி நின்றது. மரம் நின்ற இடத்திலே இப்போது புல் முளைத்திருக்கின்றது. மூடியின் ஒட்டவைத்த மூலையில் மாத்திரம் எண்ணெய் சற்றே கசிவதாக மருமகன் எழுதியிருக்கின்றான். காலைதோறும் துணியால் துடைத்துவிடுகின்றானாம். சனிக்கிழமைகளிற் பேருந்தேறிக் கோண்டாவிலுக்குச் சென்று அம்முதியவரிடம் தொழில் பழகுகின்றான். பேருந்துச் செலவுக்கான பணத்தை வெள்ளிக்கிழமை இரவே மேசைமேல் வைத்துவிட்டு உறங்கச் செல்பவர் அவன் தந்தையார். நாமும் இத்தவணை முதல் வெப்பவிரிவுப் பாடத்தை நடத்தும்போது, குண்டையும் வளையத்தையும் காட்டிய பின், முதியவரிடங் கேட்டு வாங்கிவந்த அந்த வெள்ளிரும்புத் துண்டையும் ஓர் அரத்தையும் பின்வரிசை மாணவர் கையிலே முதலிற் கொடுக்கின்றோம்.